ஒன்றரை மீட்டர் விண்கலம்: ஒன்றே ஒன்றானாலும் கிட்டாகவே யோசியுங்கள்

ஜனவரி 9 – ஒரு வாசகரின் கேள்வி

நானே வரைந்த ஒரு விண்கலத்தை ஒன்றரை மீட்டர் நீளத்தில் ஸ்டைரீன் (ஒரு வகை பிளாஸ்டிக்) தகட்டில் செய்யப் போகிறேன். முழுக்க ஸ்கிராட்ச் வேலை, அதாவது எல்லாப் பாகமும் நானே செய்வது. ஒரே ஒரு மாடல்தான் என்பதால் அச்சு, வார்ப்பு என்றெல்லாம் இறங்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். மேல்தோலை வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, தொய்கிற இடத்தில் உள்ளிருந்து முட்டுக் கொடுத்தால் போதும்தானே?

ஜனவரி 9, இரவு

போதாது. ஒன்றரை மீட்டரில் ஸ்டைரீன் தோல் தன்னைத் தானே தாங்காது. நீங்கள் முட்டுக் கொடுக்க வரும்போது அது முறுக்கிக்கொண்டிருக்கும். முறுக்கிய தோலுக்குள் வைக்கிற முட்டு அந்த முறுக்கலைத்தான் நிரந்தரமாக்கும்.

முப்பது சென்டிமீட்டர் மாடல்களில் பழகிய கைக்கு இது நம்பக் கஷ்டமாக இருக்கும். கணக்கு எளிது. ஒரு மாடலின் எல்லா அளவுகளையும் இரட்டிப்பாக்கினால் எடை எட்டு மடங்கு ஆகிறது. அந்த எடையைத் தாங்குகிற இணைப்பின் குறுக்குவெட்டோ நான்கு மடங்குதான். ஆக ஒவ்வொரு இணைப்பிலும் அழுத்தம் இரண்டு மடங்கு. நீங்கள் ஐந்து மடங்கு போகிறீர்கள்.

முதலில் முதுகெலும்பு, அப்புறம் குறுக்குச் சட்டங்கள், கடைசியில் தோல். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

உங்கள் கேள்வியின் இன்னொரு பாதிதான் எனக்கு முக்கியம். ஒன்றே ஒன்று என்பதால் அச்சு, வார்ப்பு வேண்டாம், அதாவது கிட் (பாகம் பாகமாகப் பெட்டியில் வரும் மாடல் தொகுப்பு) போல யோசிக்கத் தேவையில்லை என்கிறீர்கள். எனக்கு நேர் எதிர்க் கருத்து. பெரிய மாடலை கிட்டாகத்தான் வடிவமைக்க வேண்டும், ஒரே ஒரு பிரதிதான் செய்யப் போகிறீர்கள் என்றாலும். நாளை விரிவாக எழுதுகிறேன்.

ஜனவரி 10

கிட் என்று நான் சொல்வது விற்பனைக்கான பெட்டியை அல்ல. ஒவ்வொரு பாகமும் தனியாகச் செய்யப்பட்டு, தனக்கென்று எண்ணும் பொருந்துகிற இடமும் கொண்டு, கழற்றி மாட்டக்கூடியதாக இருக்க வேண்டும். உங்கள் படங்களையும் பாகங்களையும் இன்னொருவரிடம் கொடுத்தால் அவர் உங்களைக் கேட்காமலே கட்டி முடிக்க வேண்டும். அதுதான் அளவுகோல்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? முதலில், பெரிய கலத்தில் ஒரே பாகம் திரும்பத் திரும்ப வரும். என் சரக்குக் கலத்தில் பக்கவாட்டுப் பெட்டிகள் எல்லாம் ஒரே அச்சு. ஒவ்வொன்றையும் தகட்டில் வெட்டி ஒட்டியிருந்தால் வரிசையில் நிற்கும்போது ஒன்று கால் மில்லிமீட்டர் உயரம், இன்னொன்று லேசாகச் சாய்வு என்று கண் உடனே பிடித்துவிடும். ஒரே மாஸ்டரில் (அச்செடுக்க முதலில் செய்யும் மூல உருவம்) இருந்து வார்த்தவை அப்படி இருக்காது. ஒன்றை மட்டும் முழு மனதோடு செய்தால் போதும்.

இரண்டாவது, வர்ணம். ஒன்றரை மீட்டர் பொருளை ஏர்பிரஷ் முன்னால் சுற்றிச் சுற்றித் திருப்புவது ஒருவரால் ஆகாத காரியம். நான்கு துண்டாகப் பிரிந்தால் ஒவ்வொன்றும் மேசையில் அடங்கும்.

மூன்றாவது, விளக்கு. எந்த எல்இடியும் ஒருநாள் அணையும், எந்தச் சாலிடரும் ஒருநாள் விடும். அன்றைக்குத் தோலை உடைக்காமல் உள்ளே கை போக வேண்டும்.

நான்காவது, கதவு. உங்கள் அறைக் கதவின் அகலத்தை இப்போதே அளந்துவிடுங்கள்.

ஜனவரி 14 – அளவுவிகிதம் பற்றி

"எந்த ஸ்கேல் என்று முடிவு செய்யவில்லை, கலம் பெரியது என்று மட்டும் தெரியும்" என்று எழுதியிருக்கிறீர்கள். வேறு எதையும் தொடும் முன் அதை முடிவு செய்யுங்கள். உங்கள் கற்பனையில் கலம் 750 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒன்றரை மீட்டர் மாடல் 1/500. அதிலிருந்து மற்ற எல்லாம் தானாக வந்து விழும். 1.75 மீட்டர் மனிதர் மூன்றரை மில்லிமீட்டர். மூன்றரை மீட்டர் உயரத் தளம் ஏழு மில்லிமீட்டர். ஒரு மீட்டர் சன்னல் இரண்டு மில்லிமீட்டர்.

இந்த எண்களை ஒரு அட்டையில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டுங்கள். சன்னல் வரிசைகளுக்கு இடையே ஏழு மில்லிமீட்டர் இல்லாவிட்டால் உள்ளே தளம் கிடையாது. பார்க்கிறவருக்குக் கணக்குத் தெரிய வேண்டியதில்லை, ஏதோ சரியில்லை என்பது மட்டும் தெரிந்துவிடும்.

பலகைக் கோடுகளிலும் (தோலின் பலகைகள் சேரும் இடத்தைக் காட்டும் கோடுகள்) இதே சிக்கல்தான். உளியால் கீறும் கோடு 0.2 மில்லிமீட்டர் அகலம் என்றால் 1/500-ல் அது பத்து சென்டிமீட்டர் இடைவெளி. கப்பல் தோலில் பத்து சென்டிமீட்டர் பிளவு யாரும் விட மாட்டார்கள். பெரிய மாடல்கள் பொம்மையாகத் தெரிவதற்கு நான் பார்த்தவரை முதல் காரணம் இந்த ஆழமான கோடுகள்தான். கீறாதீர்கள். பலகைகளின் நிறத்தை லேசாக மாற்றி எல்லையைக் காட்டுங்கள். இதைப் பற்றி வர்ணத்துக்கு வரும்போது எழுதுகிறேன்.

ஜனவரி 15

ஒருவர் கேட்டிருக்கிறார்: படப்பிடிப்பு மாடல்கள் எல்லாம் மிகப் பெரியவை, அப்படியானால் பெரிதாகச் செய்தால்தானே பிரம்மாண்டம் வரும்?

அவை பெரிதாக இருந்ததற்கு முக்கியக் காரணம் கேமரா. சின்னப் பொருளை மிக அருகில் வைத்துப் படம் எடுத்தால் மூக்கு தெளிவாகவும் வால் மங்கலாகவும் வரும், உடனே அது சின்னப் பொருள் என்று காட்டிக்கொடுத்துவிடும். 1964-ல் செய்த, ஸ்டார் ட்ரெக் தொலைக்காட்சித் தொடரின் என்டர்பிரைஸ் கலத்தின் படப்பிடிப்பு மாடல் சுமார் 3.4 மீட்டர். கதைப்படி கலம் 289 மீட்டர், ஆக ஏறத்தாழ 1/85. அது ஒரு பக்கத்திலிருந்து படம் பிடிக்கவே செய்யப்பட்டது. வலது பக்கம் முழு வேலைப்பாடு, இடது பக்கம் மின்கம்பிகள் வெளியே வந்தன. இன்று ஸ்மித்சோனியன் வான்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இன்னொரு பக்கம் 1977 ஸ்டார் வார்ஸ் படத்தின் தொடக்கத்தில் தலைக்கு மேலே போய்க்கொண்டே இருக்கிற ஸ்டார் டெஸ்ட்ராயரைப் பாருங்கள். அந்த மாடல் சுமார் 91 சென்டிமீட்டர்தான். உங்களுடையதைவிடச் சிறியது! கதையில் அது 1,600 மீட்டர். அடுத்த படத்துக்குத்தான் சுமார் 2.6 மீட்டரில் இன்னொன்று செய்தார்கள். அந்த 91 சென்டிமீட்டரை மலையாகக் காட்டியதில் கேமரா வேலைக்கும் பங்கு உண்டு, ஆனால் விவரங்கள் அவ்வளவு நுண்மையாக இல்லாவிட்டால் எந்தக் கேமராவும் காப்பாற்றியிருக்காது. உங்கள் மாடல் பெரிதாகத் தெரிய வேண்டுமானால் அதில் உள்ள மிகச் சிறிய பாகத்தை இன்னும் சிறிதாக்குங்கள்.

ஜனவரி 27 – முதுகெலும்பு

அலுமினியச் சதுரக் குழாய். உருண்டைக் குழாய் வேண்டாம். உருண்டையில் மாட்டிய சட்டம் சுழலும், அதைத் தடுக்க ஒவ்வொரு சட்டத்துக்கும் ஊசி அடிக்க வேண்டும். சதுரத்தில் அந்தத் தொல்லையே இல்லை.

சட்டங்களுக்கு 4 அல்லது 5 மில்லிமீட்டர் ப்ளைவுட், இல்லையென்றால் 3 மில்லிமீட்டர் அக்ரிலிக். லேசரில் வெட்டக் கொடுப்பதாக இருந்தால் அக்ரிலிக் அருமையாக வெட்டுப்படும். ஸ்டைரீன் ஓரம் உருகி வழியும். பிவிசி தகட்டை லேசருக்குக் கொடுக்கவே கூடாது, ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், ஆளுக்கும் ஆபத்து, இயந்திரமும் அரித்துப்போகும்.

எல்லாச் சட்டத்திலும் நடுவில் குழாய்க்கான சதுர ஓட்டை, அதோடு மின்கம்பி போக இரண்டு ஓட்டை, மேலும் கீழும் மையக்கோட்டுக் குறி. இந்தக் குறிகள் இல்லாமல் ஒட்ட ஆரம்பிக்காதீர்கள். தட்டையான கண்ணாடிப் பலகை மேல் வைத்து, மூலைமட்டம் பிடித்து, ஒவ்வொரு சட்டமாக ஏற்றுங்கள். அவசரப்படக் கூடாத கட்டம் ஒன்று உண்டென்றால் இதுதான். இங்கே வந்த அரை மில்லிமீட்டர் சாய்வு வால் முனைக்குப் போகும்போது பல மில்லிமீட்டர் ஆகியிருக்கும், அங்கே எவ்வளவு புட்டி போட்டாலும் தீராது.

ஜனவரி 28

மேலே எழுதியதோடு சேர்த்துப் படியுங்கள்: வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என்ஜின் தாங்கிகள், இறக்கைகள் எல்லாவற்றுக்குள்ளும் உலோகம் போக வேண்டும். பித்தளைக் கம்பி, எஃகுக் கம்பி, அலுமினியப் பட்டை, எதுவானாலும் சரி. ஸ்டைரீன் தொடர்ந்து சுமை தாங்கினால் உடையாது, மெதுவாகத் தொய்யும். ஒட்டிய அன்று நிமிர்ந்து நிற்கும். பல மாதம் அலமாரியில் நின்ற கலம் ஒன்றின் என்ஜின் நுனியை ஒரு பக்கம் அளந்து, மறுபக்கமும் அளந்து பார்த்திருக்கிறேன். இரண்டும் வேறு வேறு உயரத்தில் இருந்தன. கம்பி போட்ட கலங்களில் அப்படி ஆனதில்லை. அந்தக் கம்பி முதுகெலும்புக் குழாய் வரை போய்ச் சேர வேண்டும். தோலோடு நின்றுவிட்டால் பயன் இல்லை.

பிப்ரவரி 2 – வெப்பம்

குளிரூட்டிய அறையில் கட்டி, வெயில் படும் அறையில் வைத்த மாடலின் தையல்கள் விரிசல் விடுவது ஏன் என்று கேட்டவருக்கு.

ஸ்டைரீன் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரி சூட்டில் சுமார் 0.07 முதல் 0.08 மில்லிமீட்டர் நீளும். அலுமினியம் சுமார் 0.023. ஒன்றரை மீட்டர், 15 டிகிரி வித்தியாசம் என்று போடுங்கள். தோல் ஏறத்தாழ 1.7 மில்லிமீட்டர் நீள்கிறது, குழாய் அரை மில்லிமீட்டர்தான். மீதி ஒரு மில்லிமீட்டருக்கு மேல் எங்கேயாவது போயாக வேண்டும். அது உங்கள் புட்டி போட்ட தையலைப் பிளந்துகொண்டு போகும். சிறிய மாடலில் இந்த வித்தியாசம் மிகச் சிறிதாக இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை.

தோலை முழு நீளத்துக்கும் எலும்போடு ஒட்டாதீர்கள். நடுச் சட்டத்தில் மட்டும் உறுதியாகப் பிடித்து, மற்றச் சட்டங்களில் சும்மா உட்காரவிடுங்கள். இரண்டு முனையிலும் நகர இடம் கொடுங்கள். அப்புறம் தோலையே நான்கைந்து துண்டாகப் பிரித்து, சேரும் இடத்தில் வேண்டுமென்றே ஒரு பள்ளம் விடுங்கள், கலத்தின் வடிவமைப்பிலேயே அது ஒரு பிரிவாகத் தெரியட்டும். புட்டி போட்டு மறைக்கிற தையல்தான் பிளக்கும். மறைக்காத தையலுக்கு அந்தப் பயம் இல்லை. கிட்டாக யோசித்தவர் ஏற்கெனவே துண்டு துண்டாகத்தான் செய்திருப்பார் என்பதால் அவருக்கு இது இலவசமாகவே கிடைக்கிறது.

பிப்ரவரி 3

"கார்பன் ஃபைபர் குழாய் போட்டால்?" – உறுதி கூடும், எடை குறையும். ஆனால் அது சூட்டுக்கு அநேகமாக நீளவே நீளாது, ஆக தோலுக்கும் எலும்புக்கும் உள்ள வித்தியாசம் இன்னும் பெரிதாகும். தோலை நழுவவிட்டிருந்தால் எந்தக் குழாயானாலும் கவலை இல்லை.

பிப்ரவரி 19 – மாஸ்டர், அச்சு, வார்ப்பு

இதைத்தான் நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள், நீளமாகவே எழுதுகிறேன்.

மாஸ்டர் என்பது பாகத்தின் முதல் உருவம். அதை ஸ்டைரீனில் கட்டலாம், மரத்தில் கடையலாம், 3டி பிரிண்டரில் எடுக்கலாம். அச்சுக்காக ஊற்றும் சிலிக்கோன் ரப்பர் எல்லாவற்றையும் பிரதி எடுக்கும், விரல் ரேகை உட்பட. அதனால் மாஸ்டரில் ப்ரைமர் (அடிப்பூச்சு) அடித்து, 600, 1000 எண் உப்புத்தாளில் நனைத்துத் தேய்த்து, விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பார்க்காமல் அச்சுக்குப் போகாதீர்கள். மாஸ்டரில் கொடுக்கும் ஒரு மணி நேரம் ஒவ்வொரு வார்ப்பிலும் திரும்பக் கிடைக்கும்.

சிலிக்கோன் இரண்டு வகை. தகரம் சார்ந்தது அநேகமாக எதன் மேலும் உறையும், ஆனால் காலப்போக்கில் லேசாகச் சுருங்கும், சில வருடத்தில் அச்சே நொறுங்கும். பிளாட்டினம் சார்ந்தது சுருங்காது, நெடுநாள் தாங்கும், ஆனால் கூச்ச சுபாவம். கந்தகம் உள்ள களிமண், லேடெக்ஸ் கையுறை, சரியாக உறையாத 3டி பிரிண்ட் ரெசின், இதில் எது பட்டாலும் பட்ட இடம் பிசுபிசுப்பாகவே நிற்கும். ரெசின் பிரிண்டரில் மாஸ்டர் எடுப்பவர்கள் நன்றாகக் கழுவி, நெடுநேரம் புற ஊதா ஒளியில் வைத்து, ப்ரைமர் அடித்து, முதலில் மூலையில் ஒரு சொட்டு ஊற்றிச் சோதித்துப் பாருங்கள்.

பாகத்தைப் பிரிக்கும் கோட்டை எங்கே வைப்பது என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. தட்டையான முகத்தின் நடுவில் ஒருபோதும் வேண்டாம். விளிம்போரம், பள்ளத்தின் அடி, இன்னொரு பாகம் வந்து மூடும் இடம், இங்கே வையுங்கள். பின்பக்கம் தட்டையாக இருக்கிற பாகம் என்றால் ஒரே பக்க அச்சு போதும், திறந்தபடியே ஊற்றலாம். என் அனுபவத்தில் பெரிய கலத்தின் பாகங்களில் பெரும்பாலானவற்றை இப்படித் தட்டை முதுகாக வடிவமைத்துவிட முடியும். வரையும்போதே யோசித்தால் அச்சு வேலை பாதியாகும்.

வார்க்க ஊற்றும் திரவப் பிளாஸ்டிக்கான பாலியூரிதேன் ரெசினுக்கு ஈரம் எதிரி. டப்பாவைத் திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பிறகு ஊற்றும்போது நுரைக்கும். இதில் கலக்கும் இரண்டு திரவங்களில் ஒன்றில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. ஒருமுறை மூச்சுக்குழாய்க்கு ஒவ்வாமை வந்துவிட்டால் அது போகாது. காற்றோட்டம், கையுறை, சரியான வடிகட்டி உள்ள முகமூடி. துணி முகமூடி இதற்கு ஆகாது. உறைந்த ரெசினை உப்புத்தாளில் தேய்க்கும்போது நனைத்தே தேயுங்கள், தூசி நுரையீரலுக்குப் போகக் கூடாது. இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

தேவைக்கு மேல் சில பிரதிகளை வார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றை வெட்டி உள்ளே காற்றுக்குமிழி இருக்கிறதா என்று பாருங்கள். மிச்சத்தை எண்ணிட்டுப் பெட்டியில் போடுங்கள்.

பிப்ரவரி 20

"பிரிண்டர் இருக்கும்போது எதற்கு அச்சு?" நியாயமான கேள்வி. சில பாகங்களுக்கு எனக்கும் இப்போது பிரிண்டர்தான் முதல் தேர்வு, முக்கியமாக உருளைச் சமச்சீர் உள்ளவை. எஞ்சின் மணி (எஞ்சினின் மணி வடிவ வெளிவாய்), ஆன்டெனா தட்டு, குழாய்க் கூட்டம். ஆனால் பெரிய தட்டைப் பரப்புகளை ரெசின் பிரிண்டரில் எடுத்தால் நாளடைவில் வளையும். இழை பிரிண்டரில் எடுத்தால் அடுக்குக் கோடுகளை ஒன்றரை மீட்டருக்கும் தேய்க்க வேண்டும். தகட்டைக் கத்தியால் கீறி ஒடித்தால் சில நொடியில் ஒரு நேரான, வழவழப்பான பலகை கையில் இருக்கும். எந்த இயந்திரமும் அந்த வேகத்துக்கு வராது. தோலுக்குத் தகடு, உருண்டைக்குப் பிரிண்டர், திரும்ப வருவதற்கு வார்ப்பு. இப்படிக் கலந்து செய்யுங்கள்.

மார்ச் 8 – மேற்பரப்பு விவரங்கள்

டாங்கி, போர்க்கப்பல், கார் கிட்களின் பாகங்களை எடுத்து விண்கலத் தோலில் ஒட்டுவது பழைய ஸ்டுடியோ வழி. இன்றும் அதைப்போல வேகமான வழி இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை. பார்க்கிறவர் அது டாங்கிச் சக்கரம் என்று கண்டுபிடித்த நொடியில் அளவுவிகிதம் உடைந்துவிடும். அதனால் எந்தப் பாகத்தையும் முழுதாக ஒட்டாதீர்கள். பாதியாக அறுங்கள், கவிழ்த்து வையுங்கள், இன்னொன்றோடு சேருங்கள், ஓரத்தை அரத்தால் மாற்றுங்கள்.

எங்கே ஒட்டுவது என்பதுதான் பெரிய கேள்வி. எல்லா இடத்திலும் ஒட்டினால் கண் எங்கேயும் நிற்காது. பராமரிப்புக்கு ஆள் போக வேண்டிய இடம் எது என்று கேளுங்கள். குளிர்விக்கும் குழாய் எங்கிருந்து எங்கே போகிறது? எரிபொருள் எந்தப் பக்கம் ஏறும்? விடை இருக்கிற இடத்தில் அடர்த்தியாக வையுங்கள். மற்ற இடத்தை வெறுமையாக விடுங்கள், வெறுமை இல்லாமல் அடர்த்தி தெரியாது. நான் ஒரு குழாயை ஒட்டினால் அதன் இரண்டு முனையும் எங்கேயாவது போய்ச் சேர வேண்டும். பாதியில் முடிகிற குழாய் என் கலத்தில் கிடையாது.

மார்ச் 9

நேற்று எழுதியதை இன்று காலை என் கலத்தின் முன்னால் நின்று யோசித்தேன். வெறுமை என்று சொன்னேனே, அதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். பெரிய கலத்தில் மூன்றில் இரண்டு பங்கு வெறும் பரப்பாக இருந்தால்கூடத் தகும். கட்டும்போது அந்த வெற்றிடம் நம்மைத் தொந்தரவு செய்யும், கை போய் ஏதாவது ஒட்டத் துடிக்கும். நம் மூக்கு அதிலிருந்து இருபது சென்டிமீட்டரில் இருப்பதுதான் காரணம். இரண்டு மீட்டர் தள்ளி நின்று பாருங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள்.

மார்ச் 23 – பிரதி எடுக்கும் தர்மம்

ஒருவர் தனியாக எழுதிக் கேட்டார், ஒரு சின்ன நிறுவனத்தின் ரெசின் கிட்டில் உள்ள என்ஜின் பாகம் தனக்குப் பிடித்திருக்கிறது, அச்செடுத்து வார்த்துக் கொள்ளலாமா என்று. உங்கள் மேசையிலேயே இருக்கப்போகிற ஒரு மாடலுக்காக வாங்கிய கிட்டின் துண்டை ஒட்டுவது வேறு. இன்னொருவர் செய்த மாஸ்டரைப் பிரதி எடுத்து கிட்டாகக் கொடுப்பது திருட்டு. கைவேலைக் கிட் செய்பவர்கள் பெரும்பாலும் ஒற்றை ஆட்கள், ஒரு மாஸ்டருக்குப் பல மாதம் போட்டிருப்பார்கள்.

படத்தில் வந்த கலங்களுக்கு உரிமையாளர்கள் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். ஜப்பானின் வொண்டர் ஃபெஸ்டிவல் என்ற மாடல் கண்காட்சியில் அந்த ஒருநாள் மட்டும் அமெச்சூர்கள் உரிமம் பெற்று விற்க ஏற்பாடு இருக்கிறது, எனக்கு மிகப் பிடித்த யோசனை அது. நீங்களே வரைந்த கலம் என்பதால் உங்களுக்கு அந்தச் சிக்கலே இல்லை. அதை ஒரு பெரிய சுதந்திரமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 6 – விளக்கு

சுருக்கமாக எழுதுகிறேன், கணக்கு ஒன்றுதான்.

12 வோல்ட் கொடுங்கள், அடாப்டர் கலத்துக்கு வெளியே இருக்கட்டும். வெள்ளை எல்இடி ஒன்றுக்குச் சுமார் 3 வோல்ட். மூன்றைத் தொடராக இணைத்தால் 9. மீதி 3 வோல்ட், 10 மில்லியாம்பியர் போதும், ஆகவே 300 ஓம். கையில் இருப்பது 330 என்றால் அதுவே நல்லது. முழு மின்னோட்டத்தில் எரியவிடாதீர்கள். மூடிய கலத்துக்குள் சூடு தங்கும், ரெசின் பாகங்கள் இளகும். அதோடு 1/500 கலத்தில் சன்னல்கள் கண்ணைக் கூச வைத்தால் அளவே கெட்டுப்போகும். மங்கலாக இருக்கட்டும்.

தோல் வழியே வெளிச்சம் கசியும். உள்ளே முதலில் கறுப்பு, அதன் மேல் வெள்ளை அல்லது வெள்ளி. கறுப்பு தடுக்கும், வெள்ளை பரப்பும்.

சன்னல்களுக்கு 0.5, 0.75 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் ஒளியிழை. சூப்பர் க்ளூ போட்டு ஒட்டாதீர்கள், இழை நொறுங்கும் தன்மை பெற்று அங்கேயே ஒடியும். வெள்ளைப் பசையோ எபாக்சியோ போதும்.

ஒவ்வொரு துண்டு சேரும் இடத்திலும் ஒரு கனெக்டர். கம்பிகளில் எண் கட்டுங்கள். அதே எண்ணைப் படத்திலும் எழுதுங்கள்.

ஏப்ரல் 7

காந்தம் பற்றிக் கேட்டதற்கு: சின்ன மூடிகளுக்கு நியோடிமியம் காந்தம் நன்று. பெரிய துண்டுகளைக் காந்தத்தை நம்பித் தொங்கவிடாதீர்கள். இடத்தைச் சொல்ல ஊசியும் துளையும், பிடிக்க மரை ஆணி, மூடிக்கு மட்டும் காந்தம்.

மே 18 – வர்ணம்

ஜனவரியில் சொன்ன பலகை விஷயம். கோடு கீறாமல் நிறத்தால் எல்லை காட்டுவது. அடிப்படைச் சாம்பலை எடுத்து அதில் இரண்டு சொட்டு வெள்ளை ஒரு கிண்ணத்தில், இரண்டு சொட்டு கறுப்பு இன்னொன்றில், கொஞ்சம் நீலம் மூன்றாவதில். டேப் ஒட்டி மறைத்து, பலகை பலகையாக அடியுங்கள். கிண்ணங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிய வேண்டும், அடித்து முடித்தபின் தூரத்தில் அநேகமாகத் தெரியக் கூடாது. விளக்கு சாயும்போது மட்டும் வெளிப்படும். 1979 ஸ்டார் ட்ரெக் படத்துக்காகச் செய்த புதிய என்டர்பிரைஸ் மாடலுக்கு முத்துப் பளபளப்பு வர்ணத்தில் இப்படித்தான் பலகை பலகையாக அடித்தார்கள். ஒளிக்கோணத்துக்கு ஏற்ப ஒவ்வொரு பலகையும் வேறு நிறமாக மின்னும்.

பழைய மாடலில் இருந்தும் ஒன்று கற்றுக்கொள்ளலாம். அந்த 1964 மாடலின் வட்டப் பகுதியின் மேல்முகத்தில் இன்றும் பழைய வர்ணம்தான் இருக்கிறது. 2016-ல் முடிந்த மறுசீரமைப்பில் மற்றப் பகுதிகளைத் திருத்தியவர்கள் அதைத் தொடாமல் விட்டார்கள். அங்கே உள்ள கட்டக் கோடுகள் பென்சிலில் போட்டவை. மூன்று மீட்டர் கலத்தில் பென்சில் கோடு! இதைவிட நல்ல ஆதாரம் என் கட்சிக்கு வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. எனாமல் மேல் லாக்கர் அடித்தால் சுருங்கி வரும். லாக்கர் முதலில், எனாமல் பிறகு.

மே 19

மேலே சொன்னதில் ஒரு மறுயோசனை. ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக வர்ணம் அடிக்கச் சொன்னேன், அதில் மாற்றமில்லை. ஆனால் பலகை வித்தியாசங்களை அடிப்பதற்கு முன் எல்லாத் துண்டுகளையும் ஒருமுறை சேர்த்து நிறுத்தி, அடிப்படைச் சாம்பல் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். ஒரே டப்பாவில் இருந்து அடித்தாலும் பூச்சின் தடிமன் மாறினால் நிறம் மாறும். சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் இரண்டு சாம்பல் என்றால், வேண்டுமென்றே விட்ட பள்ளம்கூட ஒட்டுப்போட்டது போலத் தெரியும்.

ஜூன் 22 – கேட்டவருக்கே

முதுகெலும்பும் சட்டங்களும் முடிந்த படத்தைப் பார்த்தேன். நேராக இருக்கிறது, ரசமட்டக் குமிழி நடுவில் நிற்பதும் தெரிகிறது. மகிழ்ச்சி. முட்டுக் கொடுக்கும் யோசனையை விட்டதற்கு நன்றி.

மாடலை நிறுத்தும் தாங்கியை எங்கே பொருத்துவது என்ற உங்கள் புதிய கேள்விக்கு: எடைமையத்தை இப்போது தேடாதீர்கள். என்ஜின்கள் ஏறியதும் அது பின்னால் போகும், விளக்கும் கம்பியும் சேர்ந்தால் மறுபடி மாறும். குழாயின் நடுவில் ஒன்று, பின்பாதியில் இரண்டு என மூன்று இடத்தில் எம்8 (8 மில்லிமீட்டர்) மரை வைத்துவிடுங்கள், அதே மாதிரி மேல்பக்கமும். கவிழ்த்து வர்ணம் அடிக்கும்போது மேல்பக்க மரைகள் வேலைக்கு வரும். தேவைப்படாதவற்றைத் தோல் ஏறிய பிறகு ஒரு சின்ன மூடி போட்டு மறைக்கலாம், அந்த மூடிக்கும் ஒரு பாக எண் கொடுங்கள். தாங்கிக் கம்பி இரண்டாக இருந்தால் ஒன்றில் நேர்மின், இன்னொன்றில் எதிர்மின் கொண்டுபோகலாம், தனியாக ஒயர் தொங்காது. ஆனால் அப்போது இரண்டு மரைகளையும் அலுமினியக் குழாயிலிருந்து மின்காப்பு செய்ய வேண்டும், நைலான் புஷ் (துளைக்குள் பொருத்தும் வளையம்) போதும்.